ஜெட்ஸ் சீசன் டிக்கெட்: நான்கு பேரில் இரண்டு பேர்தான் மிச்சம்

ஓரத்து இருக்கை (வினிபெக்), செப்டம்பர் 2025

செப்டம்பர் வந்தால் எங்கள் வீட்டு அடுப்படி மேசையில் ஒரு சடங்கு நடக்கும். எங்கள் ஊர் பனி ஹாக்கி அணியான ஜெட்ஸின் 41 உள்ளூர் ஆட்டங்களின் அட்டவணையை அச்செடுத்து நடுவில் வைப்போம். நான்கு பேர் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி, மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்குவோம். முதல் சீட்டு யாருக்கோ அவருக்கு முதல் தேர்வு. டொராண்டோ வரும் ஆட்டம் முதலில் போகும், அப்புறம் மான்ட்ரியல், அப்புறம் எட்மன்டன். ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை கொலம்பஸ் ஆட்டம் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதில்தான் சிரிப்பு. மேல்தட்டில் இரண்டு இருக்கை, நான்கு குடும்பம், ஆளுக்குப் பத்துச் சொச்சம் ஆட்டம். 2011-லிருந்து இப்படித்தான் ஓடியது.

இந்த வருஷம் டம்ளருக்கு வேலை இல்லை. ஒருவர் கல்கரிக்கு மாறிவிட்டார். இன்னொருவர் "போதும்பா, டிவியில் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஜூலையில் சொல்லிவிட்டார். 41 ஆட்டத்துக்கும் மொத்தமாக வாங்குகிற சீசன் டிக்கெட்டை வசந்தத்திலேயே புதுப்பித்தாயிற்று, தவணை என் கணக்கிலிருந்துதான் போகிறது. மீதி இருக்கிற நாங்கள் இருவரும் ஆளுக்கு இருபது ஆட்டம் போக வேண்டும். மைனஸ் முப்பதில் வாரத்துக்கு ஒரு இரவு. நடக்கிற காரியமா?

எனக்குப் புரியாதது இதுதான். போன 2024-25 சீசனில் 116 புள்ளி எடுத்து மொத்த லீகிலும் முதலிடம் வந்த அணி. கோலி (கோல்கீப்பர்) கானர் ஹெல்லபக்குக்கு ஒரே வருஷத்தில் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையும் மிகச் சிறந்த கோலிக்கான வெசினா கோப்பையும். இவ்வளவு இருந்தும் பங்குக்கு ஆள் கிடைக்கவில்லை. 2011-ல் சேர்ந்த 13,000 சீசன் டிக்கெட்காரர்களில் மற்றவர்கள் எங்கே போனார்கள்? இங்கே வினிபெக்கில் இருப்பவர்கள், முன்பு வைத்திருந்து விட்டவர்கள், கொஞ்சம் மனம் திறந்து சொல்லுங்கள்.

---

கடலைமிட்டாய் (கோவில்பட்டி)

அண்ணே, எனக்கு ஹாக்கி என்றால் எங்கள் ஊர் டர்ஃப் மைதானம்தான். இந்தப் பனிச்சறுக்கு ஹாக்கி பற்றி ராத்திரி யூடியூபில் பார்த்ததோடு சரி, அதுவும் சண்டைக் காட்சிகள் மட்டும். ஒரு சந்தேகம். ஐபிஎல்லில் கேலரி காலியாக இருந்தாலும் முதலாளிகள் கவலைப்படுகிற மாதிரித் தெரியவில்லையே, டிவி காசு போதும் என்கிறார்களே. இங்கே ஏன் நாலு சீட் காலி என்றால் இத்தனை கலவரம்?

---

கணக்குப்பிள்ளை (கல்கரி)

தம்பி, கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

ஐபிஎல்லுக்கு 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய். பத்து அணி. முதல் பந்து வீசும் முன்பே பெரும்பகுதிக் காசு உறுதியாகிவிடும். அமெரிக்கக் கால்பந்தும் அப்படித்தான், அதனால்தான் ஒரு லட்சம் சொச்சம் மக்கள் மட்டும் இருக்கிற கிரீன் பே என்கிற ஊரில் ஓர் அணி நிம்மதியாக வாழ்கிறது. டிவியிலிருந்து வரும் பங்கே வீரர் சம்பளத்தை அடைத்துவிடும்.

ஜெட்ஸ் ஆடுகிற என்.எச்.எல், அதாவது வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக், வாசல் காசில் ஓடுகிற லீக். கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனம் 2014-ல் 12 வருஷத்துக்கு 5.2 பில்லியன் கனடிய டாலர் கொடுத்தது. அடுத்த 12 வருஷ ஒப்பந்தம், 2026-ல் தொடங்குவது, 11 பில்லியன். கேட்கப் பெரிய தொகை. 12 வருஷத்தால் வகுத்து 32 அணிகளால் வகுத்துப் பாருங்கள், ஓர் அணிக்கு வருஷத்துக்கு 29 மில்லியன் பக்கம். அமெரிக்க டிவி ஒப்பந்தம் தனியாக உண்டு, அதையும் சேர்த்தாலும் சம்பளம் கட்டி முடியாது. மீதி எல்லாம் டிக்கெட், பீர், பார்க்கிங், விளம்பரப் பலகை, தனி அறைகள்.

இப்போது வினிபெக் கணக்குக்கு வருகிறேன். வீரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில், நாம் டிக்கெட் வாங்குவது கனடிய டாலரில். 2011-ல் அணி அட்லாண்டாவிலிருந்து வந்தபோது நம் டாலர் அமெரிக்க டாலரைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது, நினைவிருக்கிறதா? ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு அந்த சீசனில் 64.3 மில்லியன் அமெரிக்க டாலர். நம் காசிலும் ஏறக்குறைய அதே. இந்த 2025-26 சீசனில் உச்சவரம்பு 95.5 மில்லியன், நம் டாலர் 72 சென்ட் பக்கம் கிடக்கிறது. ஆக நம் காசில் 132 மில்லியனுக்கு மேல். இரண்டு மடங்கு!

அரங்கம் மட்டும் அதே 15,000 இருக்கை.

இருக்கைக் கணக்காகச் சொன்னால் இன்னும் உறைக்கும். 41 ஆட்டமும் முழுக்க நிரம்பினால் வருஷத்துக்கு ஆறேகால் லட்சம் டிக்கெட். உச்சவரம்புச் சம்பளத்தை அதன்மேல் பரப்பினால் 2011-ல் ஒரு டிக்கெட்டுக்கு 100 டாலர் சொச்சம், இப்போது 210-க்கு மேல். அதுவும் ஒரு இருக்கைகூடக் காலி இல்லாமல் இருந்தால். 2026-27-ல் உச்சவரம்பு 104 மில்லியன், அதற்கடுத்த வருஷம் 113.5. லீக் ஏற்கெனவே அறிவித்துவிட்டது.

---

மேப்பிள் மச்சான் (ஸ்கார்பரோ)

எங்கட டொராண்டோ லீஃப்ஸ் 1967-க்குப் பிறகு கப் தூக்கவில்லை. ஒரு கதிரை காலியில்லை. பதினான்கு வருஷமாக இங்கே இருக்கிறேன், நேரில் பார்த்தது இரண்டே தரம், இரண்டு தரமும் வேலையிடத்தில் மேலாளருக்குப் போக முடியாமல் போன டிக்கெட். கீழ்த்தட்டு முழுக்க வங்கிக்காரரும் வழக்கறிஞர்களும்தான், முதல் இடைவேளை முடிந்து இரண்டாம் பகுதி தொடங்கி ஐந்து நிமிஷமாகியும் திரும்பி வந்து உட்கார மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது ரசிகர் இல்லை அண்ணை, நல்ல நாலு வங்கித் தலைமையகம்.

---

ஓரத்து இருக்கை

// உங்களுக்கு வேண்டியது ரசிகர் இல்லை அண்ணை, நல்ல நாலு வங்கித் தலைமையகம் //

கிண்டலாகச் சொன்னாலும் அதுதான் விஷயம். 2024 பிப்ரவரியில் உரிமையாளர் மார்க் சிப்மன் ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார்: சீசன் டிக்கெட் எண்ணிக்கை 13,000-லிருந்து 9,500-க்கு இறங்கிவிட்டது, இப்படியே நெடுங்காலம் ஓட்ட முடியாது, திரும்ப 13,000-க்குப் போயாக வேண்டும் என்று. மூன்று வருஷத்தில் 27 சதவீதம் போயிருந்தது. அந்த சீசனின் சராசரிக் கூட்டம் 13,500 பக்கம். அணி அப்போதும் மோசமில்லை, 110 புள்ளி எடுத்த அணி!

அந்த நேரத்தில் வெளிவந்த இன்னொரு எண்தான் என் மனதில் நின்றது. ஜெட்ஸ் சீசன் டிக்கெட்டுகளில் நிறுவனங்கள் வாங்கியது 15 சதவீதம் அளவில்தான். மீதி எல்லாம் எங்களை மாதிரி ஆட்கள். பள்ளி ஆசிரியர், லாரி ஓட்டுநர், செவிலியர், தச்சர். நிறுவனம் வாங்கிய டிக்கெட்டுக்குச் சமையல் எரிவாயு விலையோ வீட்டுக் கடன் வட்டியோ தெரியாது. எங்களுக்குத் தெரியும். 2022-க்கு அப்புறம் வீட்டுக் கடன் புதுப்பித்தவர்களைக் கேளுங்கள், முதலில் எதை வெட்டினார்கள் என்று.

---

வெண்பனி (வினிபெக்)

நான் விட்டவள். மனம் திறந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன், திட்டக் கூடாது.

2011 ஜூன் 4, சனிக்கிழமை. என் கணவர் ஒரு மடிக்கணினி, நான் ஒன்று, அவர் தம்பி வீட்டில் இன்னொன்று. அதற்கு முன் ஊரில் ஆடிய மூஸ் அணியின் டிக்கெட்காரர்களுக்கு முன்னாடியே கொடுத்தது போக மீதி பொது விற்பனைக்கு வந்தது. 17 நிமிஷத்தில் தீர்ந்தது. எங்களுக்குக் கிடைத்தபோது கணவர் மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடினார், நான் சத்தியமாக அழுதேன். ஹாக்கி விதிகள்கூட அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது! ஆஃப்சைடு என்றால் என்ன என்று மூன்றாவது மாதம்தான் புரிந்தது. ஊரே ஒரு கல்யாண வீடு மாதிரி இருந்தது, அதில் நமக்கும் பந்தியில் இடம் கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷம்.

அப்புறம் கொரோனா. 2020-21 சீசனில் ஆளில்லா அரங்கில் ஆடினார்கள். அடுத்த குளிர்காலத்திலும் கட்டுப்பாடு வந்து சில ஆட்டங்கள் தள்ளிப்போயின. அந்த நாள்களில்தான் நாங்கள் ஒன்றைக் கண்டுபிடித்தோம்: செவ்வாய்க்கிழமை ராத்திரி வீட்டில் இருக்கலாம். பிள்ளை படிக்கிறதைப் பார்க்கலாம், பத்து மணிக்குத் தூங்கலாம். பழக்கம் விட்டுப்போனால் திரும்ப ஒட்ட வைப்பது கஷ்டம், கோவிலுக்குப் போகிறதுகூட அப்படித்தானே.

2022-ல் புதுப்பிக்கச் சொல்லி வந்தபோது உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முந்தைய சீசனில் போக முடியாத ஆட்டங்களை மறுவிற்பனைத் தளத்தில் போட்டிருந்தோம். திங்கள், செவ்வாய் ஆட்டங்களுக்கு நாங்கள் கொடுத்த விலையில் முக்கால்கூட வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன், கல்லூரி மாணவன், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கைபேசியில் வாங்கிக்கொண்டு போவான், எங்களைவிட நல்ல இருக்கையில், எங்களைவிடக் குறைந்த விலைக்கு. வருஷம் முழுக்க முன்பணம் கட்டினவள் நான், ஜாலியாகப் பார்க்கிறவன் அவன்.

அதோடு என் மகனுக்கு அப்போது எட்டு வயது, ஹாக்கியில் சேர்த்திருந்தோம். ஸ்கேட் ஒவ்வொரு வருஷமும் சின்னதாகிவிடும். காலை ஆறு மணிக்கு ஐஸ். பனியில் காரைச் சுரண்டி, தெர்மாஸில் டீ ஊற்றி, கூடத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிற அம்மாக்களில் நானும் ஒருத்தி. ஹாக்கிக்கு இருக்கிற காசு அங்கே போகிறது. ஜெட்ஸை நாங்கள் வெறுக்கவில்லை. ஒரு வீட்டில் எத்தனை ஹாக்கி தாங்கும்?

---

கடலைமிட்டாய்

அக்கா, கடைசி வரி.

---

செவ்வாற்றங்கரை (வினிபெக்)

பிள்ளைகள் எல்லோரும் 2011-லிருந்து தொடங்குகிறீர்கள். நான் இந்த ஊருக்கு வந்தது 1987. அப்போது இருந்தது பழைய ஜெட்ஸ் அணி. பிளே ஆஃபில் வெள்ளைச் சட்டை போடுகிற வழக்கம் தொடங்கியதும் அதே வருஷம். கல்கரிக்காரர் சிவப்பு உடுத்தி வந்தார்கள், அதற்குப் பதிலாக இங்கே எல்லோரும் வெள்ளை. இப்போது அமெரிக்காவில் எத்தனையோ அணிகள் அதைப் பார்த்துச் செய்கின்றன.

பழைய அரங்கத்தில் எலிசபெத் ராணியின் படம் ஒன்று தொங்கும், ஒரு வீட்டுச் சுவர் அளவு. முதல் ஆட்டத்தில் நான் பக்கை (ஹாக்கித் தட்டை) பார்த்ததைவிட ராணியைப் பார்த்ததுதான் அதிகம். 1992-93-ல் டீமு செலானி என்று ஒரு பின்லாந்துப் பையன் வந்தான், முதல் சீசனிலேயே 76 கோல். இன்றுவரை எந்தப் புதுமுகமும் அதைத் தொடவில்லை. 1996 பிப்ரவரியில் அவனை வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 28, டெட்ராய்ட்டுடன் கடைசி ஆட்டம், 4-1 தோல்வி. ஆட்டம் முடிந்தும் சனம் எழும்பவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு உக்ரைன் கிழவர், பெயர்கூடத் தெரியாது, என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அதற்கு முந்தைய வருஷம் அணியைக் காப்பாற்ற ஊரே காசு சேர்த்தது. பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொண்டுவந்தார்கள். ஃபோர்க்ஸ் என்கிற பொது இடத்தில் கூட்டம் போட்டால் பல்லாயிரம் பேர். என்ன பிரயோசனம்? அணி ஃபீனிக்ஸுக்குப் போய் கொயோட்டீஸ் ஆகிவிட்டது. அங்கேயாவது வாழ்ந்ததா? கடைசியில் 4,600 பேர் அமரும் பல்கலைக்கழக அரங்கில் ஆடி, 2024-ல் சால்ட் லேக் சிட்டிக்கு மூட்டை கட்டியது.

கணக்குத் தம்பி டாலரைப் பற்றிச் சொன்னார். நான் ஒன்று சேர்க்கிறேன். 1996-ல் அணி போனபோதும் நம் டாலர் 73 சென்ட் பக்கம்தான். இப்போது அதே இடத்துக்கு வந்திருக்கிறோம். அதுதான் எனக்கு இரவில் கொஞ்சம் உறுத்துகிறது.

---

கணக்குப்பிள்ளை

ஐயா, உறுத்தலில் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டு வித்தியாசம். 1996-ல் சம்பள உச்சவரம்பே கிடையாது, நியூயார்க் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். 2004-05 சீசன் முழுவதும் பூட்டிக் கிடந்த பிறகுதான் உச்சவரம்பு வந்தது. அது இல்லையென்றால் வினிபெக்கை யாரும் யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டாவது, பழைய அரங்கம் அணிக்குச் சொந்தமில்லை. இப்போது அரங்கமும் அணியும் ட்ரூ நார்த் என்கிற ஒரே கையில். கச்சேரி நடந்தாலும் காசு அங்கேதான்.

---

ஐஸ்பெட்டி (எட்மன்டன்)

எல்லோரும் உருகுகிறீர்கள், சரி. ஒரு கேள்வி. ஜெட்ஸ் அணியின் இன்னொரு உரிமையாளர் டேவிட் தாம்சன். கனடாவின் பணக்காரர் பட்டியலில் முதல் வரிசை. அந்த ஆள் வைத்திருக்கிற அணிக்காகச் செவிலியர் குற்ற உணர்ச்சியில் டிக்கெட் வாங்க வேண்டுமா? 2023-ல் டிக்கெட் புதுப்பிக்கச் சொல்லி ஒரு வீடியோ போட்டார்களே, 1996-ல் அழுத முகங்களை எல்லாம் காட்டி. "வாங்கவில்லை என்றால் மறுபடி இதுதான்" என்று பயமுறுத்துகிற மாதிரி. கடன்காரன் பழைய புகைப்படத்தைக் காட்டி வட்டி கேட்பது போல இருந்தது எனக்கு.

கோடீஸ்வரன் நட்டத்தைத் தாங்கட்டுமே. அணி மதிப்பு ஏறிக்கொண்டேதானே போகிறது? 2011-ல் மொத்தமாக 170 மில்லியனுக்கு வாங்கியது. கொயோட்டீஸ் மாதிரி ஊர் ஊராக விரட்டப்பட்ட அணியே 2024-ல் 1.2 பில்லியன் போனது.

---

கணக்குப்பிள்ளை

மதிப்பு ஏறுவது விற்றால்தானே காசு? வீட்டு விலை ஏறியது என்பதற்காக மளிகைக் கடைக்காரர் கடன் கொடுக்க மாட்டார். அதோடு அந்த 1.2 பில்லியன் கதை வினிபெக்குக்கு ஆறுதல் இல்லை, ஆபத்து. விற்றால் அவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்த பிறகு, தங்குவதற்கு நல்ல காரணம் வேண்டும். அட்லாண்டா இரண்டு அணிகளை இழந்துவிட்டு மூன்றாவதற்கு ஆசைப்படுகிறது. ஹூஸ்டன் காத்திருக்கிறது. கியூபெக் சிட்டியில் 2015-ல் 18,000 பேர் அமரும் அரங்கத்தைக் கட்டி வைத்துக்கொண்டு இன்னும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் வீடியோ விஷயத்தில் ஐஸ்பெட்டி சொல்வதை நான் ஏற்கிறேன். அது தப்பு.

---

ஓரத்து இருக்கை

// கோடீஸ்வரன் நட்டத்தைத் தாங்கட்டுமே //

இந்த வாதத்தை என் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் கேட்கிறேன். தாங்கலாம்தான். எத்தனை வருஷம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நான் யோசித்துப் பார்த்ததில், பிரச்சினை பயமுறுத்தலிலும் இல்லை, விலையிலும் முழுசாக இல்லை. வெண்பனி அக்கா சொன்ன பக்கத்து வீட்டுப் பையனில் இருக்கிறது.

2011-ல் டிக்கெட் விலை 39 டாலரிலிருந்து 129 வரை. 3 முதல் 5 வருஷம் வரை கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டோம். காத்திருப்போர் பட்டியலில் 8,000 பேர் சேர்ந்ததும் அதையும் மூடிவிட்டார்கள். அப்போது டிக்கெட்டை விட்டால் இந்த ஜென்மத்தில் திரும்பக் கிடைக்காது என்ற பயம். கொடுத்த காசில் பாதி அந்தப் பயத்துக்குத்தான். எங்கள் நான்கு பேரில் ஒருவர் மூன்றாவது வருஷமே அலுத்துவிட்டார், ஆனாலும் விடவில்லை, "பட்டியலில் நிற்கிறவன் சிரிப்பான்" என்பார்.

2019 வாக்கில் அரங்கு நிரம்பும் வரிசை அறுந்தது. கூட்டத்தில் சில நூறு பேர்தான் குறைந்தார்கள், கண்ணுக்குக்கூடத் தெரியாது. ஆனால் எங்கள் தலையில் ஏதோ ஒன்று மாறியது. எந்த ஆட்டத்துக்கும் எப்போதும் டிக்கெட் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் 41 ஆட்டத்துக்கு முன்பணம் கட்டுகிறவன் ஏமாளி ஆகிவிடுகிறான். ஒருவன் விட்டான், அந்த இருக்கை தனி டிக்கெட்டாக வந்தது, தனி டிக்கெட் மலிந்தது, அதைப் பார்த்து அடுத்தவன் விட்டான். 3,500 பேர் விட்டால் சீசனுக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட்டை ஒவ்வொன்றாக விற்க வேண்டும், ஒவ்வொரு இரவும் புதிதாக ஆள் பிடிக்க வேண்டும், பனிப்புயல் என்றாலும் மைனஸ் முப்பத்தைந்து என்றாலும்.

2011 மே மாதம் அணி வந்த அன்றே லீக் தலைவர் கேரி பெட்மன் மேடையிலேயே சொன்னார், இந்த அரங்கம் ஒவ்வொரு இரவும் நிரம்பாவிட்டால் இது சரிவராது என்று. நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம், யார் காதில் விழுந்தது!

---

மேப்பிள் மச்சான்

அப்ப வென்றால் வருவார்கள் என்கிற கதை?

---

ஓரத்து இருக்கை

வருகிறார்கள், ஏப்ரலில். இந்த 2025 மே 4 பற்றிச் சொல்கிறேன். செயின்ட் லூயிஸுடன் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். பிளே ஆஃபுக்குத் தனியாகச் சீட்டுக் குலுக்குவோம், அந்த ஆட்டம் எனக்கு விழுந்தது, பதினான்கு வருஷத்தில் என் அதிர்ஷ்டம் அது ஒன்றுதான். மூன்றாம் பகுதியில் இரண்டு மூன்று நிமிஷம்தான் மிச்சம், 3-1 பின்னாடி இருக்கிறோம். முன் வரிசையில் ஒரு குடும்பம் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டது. கோலியை வெளியே எடுத்துவிட்டுக் கூடுதலாக ஒரு தாக்கு வீரரை இறக்கினார்கள். ஒரு கோல். அப்புறம் மூன்று விநாடிகூட மீதமில்லாதபோது கோல் பெர்ஃபெட்டி என்கிற வீரர் இன்னொன்று. முன் வரிசைக் குடும்பம் படிக்கட்டில் நின்றபடியே கத்துகிறது, அந்த அப்பா கோட்டில் ஒரு கையை நுழைத்து ஒரு கையை விட்டிருந்தார், அப்படியே இரண்டு ஓவர்டைமும் பார்த்தார். இரண்டாவது ஓவர்டைமில் கேப்டன் ஆடம் லோவ்ரி முடித்தார். யார் யாரையோ கட்டிப்பிடித்தேன். என் வெள்ளைச் சட்டையில் யாரோ ஒருவருடைய கடுகுச் சாஸ், துவைத்தும் போகவில்லை.

அடுத்த சுற்றில் டல்லாஸிடம் தோற்றோம். சரி போகட்டும்.

அந்த இரவு உள்ளே இருந்த அத்தனை பேரும் நவம்பரில் ஒரு திங்கட்கிழமை வந்தால் இந்த இழையே தேவையில்லை. வெற்றிக்குப் பிறகு கூட்டம் ஏறியது உண்மைதான், டிக்கெட் எண்ணிக்கையும் தேறிவருகிறது. ஆனால் முக்கிய வீரர் நீக்கலஸ் ஈலர்ஸ் கோடையில் கரோலினா அணிக்குப் போய்விட்டார். இன்னொரு முக்கிய வீரர் கைல் கானர் இந்த 2025 செப்டம்பர் வரை புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஊர்ப்பிள்ளை ஜோனதன் டேவ்ஸ் 37 வயதில் வீடு திரும்பியிருக்கிறார், அதற்காக முதல் பத்து ஆட்டம் நிரம்பும். ஒரு மோசமான சீசன் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

---

ஐஸ்பெட்டி

டவுன்டவுனைப் பற்றி யாரும் பேசவில்லையே. கொரோனாவுக்கு அப்புறம் அலுவலகக் கூட்டம் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான். முன்பு ஐந்து மணிக்கு வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு நடந்தே அரங்குக்குப் போனவன், இப்போது வீட்டிலிருந்து காரை எடுத்து, பார்க்கிங் கட்டி, ராத்திரி பத்தரைக்கு ஆளில்லாத தெருவில் நடக்க வேண்டும். என் அக்கா குடும்பம் அங்கேதான். அவள் வர மறுப்பது அந்த நடைக்காக.

---

செவ்வாற்றங்கரை

டவுன்டவுனில் போர்ட்டேஜ் தெருவும் மெயின் தெருவும் சந்திக்கிற இடத்தை 46 வருஷம் கழித்து இந்த ஜூனில்தான் நடந்து போகிறவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1972-ல் ஹாக்கி நட்சத்திரம் பாபி ஹல் ஜெட்ஸில் சேர்ந்தபோது ஒரு மில்லியன் டாலர் காசோலையோடு நின்ற அதே சந்தி. நான் திறந்த அன்று போய் நான்கு மூலையும் கடந்து பார்த்தேன். மனிசி வீட்டில் சிரித்தாள், ரோட்டைக் கடக்கப் பஸ் ஏறிப் போன முதல் ஆள் நீங்கள்தான் என்று.

---

வெண்பனி

ஐயா, நானும் போனேன்!

ஐஸ்பெட்டி சொன்னதில் பாதி உண்மை. பயம் இருக்கிறது, ஆனால் கூட்டமாகப் போனால் இல்லை. இன்னொன்று சொல்லவா? இந்த ஊரில் ஆங்கிலம், பிரெஞ்சு தவிர்த்து அதிகம் பேசுவது பிலிப்பைன்ஸ் மொழியான தகாலோக். அப்புறம் பஞ்சாபி. பிலிப்பினோ குடும்பம், பஞ்சாபிக் குடும்பம், நைஜீரியக் குடும்பம் இல்லாத தெரு இல்லை. என் மகனின் அணியில் பாதிப் பேர் அப்படித்தான். டிவியில் பஞ்சாபியில் ஹாக்கி வர்ணனை 2008-லிருந்து ஓடுகிறது. ஆனால் மேல்தட்டில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தால் அந்த முகங்கள் எத்தனை? 1996-ல் அழுத ஆட்களின் பழைய ஞாபகத்துக்கு டிக்கெட் விற்கிறார்கள். எனக்கு அந்த ஞாபகம் கிடையாது, நான் வந்தது 2008. என்னை 41 ஆட்டத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள், ஆறு ஆட்டம் கொடுங்கள், சனிக்கிழமை மதியம் கொடுங்கள், பிள்ளைக்குப் பாதி விலை கொடுங்கள். நான் வருவேன், என்னோடு மூன்று குடும்பம் வரும்.

---

கணக்குப்பிள்ளை

சின்னப் பொட்டலங்கள் கொண்டுவந்திருக்கிறார்கள், பாதி சீசன், கால் சீசன் என்று. சிக்கல் என்னவென்றால் எல்லோரும் அதே பத்து நல்ல ஆட்டத்தைத்தான் எடுப்பார்கள். கொலம்பஸ் செவ்வாய்க்கிழமையை யார் எடுப்பது?

---

கடலைமிட்டாய்

அண்ணே, அந்தக் கொலம்பஸ் டிக்கெட்டை எனக்குப் போட்டு விடுங்கள். விசாவும் விமானமும் நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

---

வெண்பனி

ஓரத்து இருக்கை தம்பி, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அந்தக் காலிப் பங்கில் ஒன்று இன்னும் இருக்கிறதா? பத்து ஆட்டம் என்றால் எங்களுக்குத் தாங்கும். இவரிடம் பேசிவிட்டேன், மகன் இப்போதே தொப்பியைத் தேடுகிறான். ஒரே நிபந்தனை, மான்ட்ரியல் ஆட்டம் எனக்கு.

---

ஓரத்து இருக்கை

அக்கா, பங்கு இருக்கிறது. மான்ட்ரியல் நிபந்தனை எல்லாம் கிடையாது, டம்ளர் சொல்வதுதான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வாருங்கள், இட்லி இருக்கும், முகவரி தனிமடலில் அனுப்புகிறேன்.

இன்னும் ஒரு பங்கு மீதி. யாராவது?

---

செவ்வாற்றங்கரை

கொலம்பஸை எனக்கு விடுங்கோ. பகலில் தூங்கிவிட்டு வருவேன். மற்ற ஒன்பதையும் குலுக்கலில் பார்த்துக்கொள்ளலாம்.